எனக்கு எழுத்து நிக்காது

ஸ்கைலாப் விழுந்துச்சு பாரு, அந்த வருசம். ஆடித்தபசுக்கு இன்னும் கொஞ்ச நாள் கெடந்துச்சு. வெள்ளக்காரன் வானத்துல விட்ட பெரிய இரும்புப் பெட்டி ஒண்ணு கழண்டு கீழ வருது, எங்கன விழும்னு விட்டவனுக்கே தெரியாதாம்னு ஊரெல்லாம் அதே பேச்சு. திருவேங்கடம் பக்கம் எங்க சொக்காரன் ஒருத்தன், சாகத்தானே போறோம்னு கோயிலுக்கு நேந்துவிட்ட கெடாயை அறுத்துத் தின்னுட்டான். பெட்டி எங்கயோ கடல் தாண்டி விழுந்துச்சு. கெடா போனது போனதுதான். அவன் பொண்டாட்டி அதைச் சொல்லிச் சொல்லியே அவனைக் கடைசி வரைக்கும் வஞ்சா.

எங்க தறி செட்டுல இந்த நியூஸ் எல்லாம் சொல்லுதது வயர்மேன் அந்தோணி. பேப்பரை நாலா மடிச்சு எப்பவும் கக்கத்துல வச்சிருப்பான். டீ வந்தா விரிப்பான். விரிச்சு, தொண்டையைச் செருமிட்டு, "இந்தா போட்டிருக்கான் வே, நம்ம தலைக்கு மேலதான் சுத்துதாம்" அப்படிம்பான். நாங்க வாயைப் பொளந்துக்கிட்டு கேப்போம். இந்த அந்தோணியை ஞாபகத்துல வச்சுக்கோ. பொறவு வருவான்.

செல்வம், நீ சங்கத்து மலருக்குன்னு போனை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்க. "காலம் பூரா தறி பிட்டரா, தறியைக் கழட்டி மாட்டுத வேலையில கெடந்த மனுசன், அனுபவத்தைச் சொல்லுங்க அண்ணாச்சி"ன்னு கேக்க. போனஸ் கேட்டு வாசல்ல உக்காந்தது, கரண்டு கட்டுல தவிச்சது, அதெல்லாம் மத்தவன் சொல்லுவான். நான் வேற ஒண்ணு சொல்லுதேன். போன வாரம் டீக்கடையில உன் மகளைப் பத்திச் சொன்னல்லா. வாசிக்க வர மாட்டேங்குது, டீச்சர் டிஸ்லெக்சியான்னு ஏதோ பேரு சொல்லுதாங்கன்னு. சொல்லிட்டு, "சத்தமாப் பேசாதீங்க அண்ணாச்சி, மாமனார் வீட்டுக்குத் தெரியக்கூடாது"ன்னு குரலைத் தாழ்த்துன பாரு. அந்தத் தாழ்த்துன குரல் எனக்கு நல்லாத் தெரியும். பாதி ஆயுசை நான் அந்தக் குரல்லதான் ஓட்டினேன். அதனால இப்போ சத்தமாவே சொல்லுதேன், நல்லாப் பதிஞ்சுக்கிடட்டும். எனக்கு எழுத்து நிக்காது.

படிக்காத ஆளுன்னு நெனச்சிராத. படிக்காதது வேற, இது வேற. எங்க செட்டுல பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஆளு நெறைய. நான் மிதிச்சவன். எங்க ஊரு பனவடலிசத்திரத்துல மூணாப்பு வரைக்கும் போனேன். வாத்தியார் போர்டுல எழுதுனா மத்த பிள்ளைகளுக்கு அது எழுதுன எடத்துல கெடக்கும். எனக்கு மட்டும் கண்மாய்த் தண்ணியில தலைப்பிரட்டை ஓடுத மாதிரி ஓடும். ஆனா காதுல ஒரு தடவை விழுந்தா போதும், மனசுல உக்காந்துக்கிடும். வாத்தியார் வாசிக்கச் சொன்னா எந்திரிச்சு நின்னு கணீர்னு ஒப்பிச்சிருவேன். ஒருநாள் பக்கத்துல வந்து புஸ்தகத்தை எட்டிப் பாத்தாரு. நான் சொல்லிக்கிட்டிருந்தது குதிரைப் பாடம். விரிச்சு வச்சிருந்தது மழைப் பாடம். அம்புட்டுதான் என் படிப்பு. மக்குன்னு பேரு வச்சு அனுப்பிட்டாரு. மழைப் பாடத்தைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன், அவரு கேக்கலை.

ரொம்ப நாளு நானும் அந்தப் பேரை நம்புனேன். தறிக்கு வந்த பொறவுதான் ஒண்ணு பிடிபட்டுச்சு. ஒரு ஸ்பேனரை நட்டமா வையி, படுக்க வையி, திருப்பி வையி. ஸ்பேனர் ஸ்பேனர்தான். என் கண்ணு உலகத்தை அப்படித்தான் பாக்குது. எழுத்து மட்டும், கொஞ்சம் திருப்பிட்டா வேற எழுத்தாம். எடம் மாறிட்டா வேற நம்பராம். பன்னிரண்டையும் இருபத்தொண்ணையும் எழுதிக் காட்டு, எனக்கு ரெண்டும் ஒரே ஆளு, வலது எடதா மாறி நிக்கான். இதுல என் தப்பு என்ன இருக்கு சொல்லு.

தறியில அப்படி இல்ல. தறியைத்தான் ஜோடி ஜோடியா நிறுத்துவாங்க, உனக்கே தெரியும். ஒண்ணு வலக்கைத் தறி, எதுத்தது எடக்கைத் தறி. கண்ணாடியில பாத்த மாதிரி ஒண்ணுக்கு ஒண்ணு திரும்பி நிக்கும். நடுச் சந்துல தறிக்காரி நின்னு ரெண்டையும் பாத்துக்கிடுவா. புதுசா வார பிட்டர்மாரு இந்த எட வலத்துலதான் தலைசுத்திப் போவானுக. எனக்கு அது ஒரு சங்கடமாவே இருந்ததில்ல. கண்ணை மூடுனா தறி மனசுல நிக்கும். அதைச் சுத்தி வருவேன், பின்னால போய்க் குனிஞ்சு பாப்பேன், அப்படியே திருப்பிப் போடுவேன்.

எண்ணெய் விடுத ஆளாத்தான் சேந்தேன். அங்கன இருந்த பழைய பிட்டர் தறியைக் கழட்டுறதுக்கு ஒரு வழி வச்சிருந்தாரு. கீழ பெரிய சாக்கை விரிக்கணும். முதல்ல கழட்டுறதைச் சாக்கு ஓரத்துல வைக்கணும், அடுத்தது அதுக்கு அடுத்து. தறியில எந்தப் பக்கம் இருந்துச்சோ சாக்குலயும் அந்தப் பக்கம். கழட்டி முடிச்சா தறி சாக்குல படுத்துக் கெடக்கும். பொறவு கடைசியில வச்சதுல இருந்து மாட்டிக்கிட்டே வந்தா எந்திரிச்சு நின்னுரும். ஒரு தறி முடிஞ்சுதான் அடுத்த தறி. எழுத்தும் வேண்டாம், நம்பரும் வேண்டாம். எனக்குன்னே செஞ்ச மாதிரி இருந்துச்சு. அவரு போன பொறவு நான் பிட்டர் ஆனேன்.

அப்பவும் ஒளிச்சேன். சினிமா போஸ்டர் முன்னால நின்னா, "கண்ணாடியை வீட்டுல வச்சுட்டேன், என்ன படம்ல"ன்னு பக்கத்துல நிக்கவனைக் கேப்பேன். பஸ்ஸுல போர்டைப் பாக்க மாட்டேன், டிரைவர் மூஞ்சியைப் பாத்து ஏறுவேன். கையெழுத்துன்னா ஒரு சுழி போடுவேன், அது எந்த நாளும் ஒரே மாதிரி இருந்ததில்ல.

அப்புறம் புது சூப்பர்வைசர் வந்தாரு. தியாகராஜன்னு பேரு, மேற்கத்தி ஆளு, படிச்சவரு. அவரு சத்தம் போட்டு நாங்க கேட்டதில்ல. பையில வெள்ளைக் கைக்குட்டை இருக்கும். எண்ணெயைத் தொட்டாலும் தொடாட்டாலும் ஒவ்வொரு விரலாத் தொடைப்பாரு. தொடைச்சு முடிச்ச பொறவுதான் பேச்சு. எங்க முதலாளி எல்லாரையும் ஏலேன்னுதான் கூப்பிடுவாரு, எங்களுக்குப் பயமே கிடையாது. இவரு கூட்டித் தள்ளுத பிள்ளையில இருந்து எல்லாரையும் 'வாங்க, உக்காருங்க'ம்பாரு. அதைக் கேட்டாலே நாங்க எந்திரிச்சு நின்னுருவோம்.

அவரு வழக்கத்தை மாத்துனாரு. ஆடித்தபசுக்கு செட்டு லீவு. அந்த லீவுலதான் எல்லாத் தறியையும் கழட்டிச் சுத்தம் பண்ணுவோம். ஒவ்வொண்ணாச் சாக்குல போட்டா லீவுக்குள்ள முடியாது, இந்த வருசம் லீவுக்கு முன்னாலயே பாதித் தறியை நிறுத்தி ஆரம்பிச்சிரணும், எல்லாத்தையும் ஒண்ணாக் கழட்டுங்க, ஒவ்வொரு இரும்புலயும் தறி நம்பரை அடிங்க, ஒரே டிரம்முல மண்ணெண்ணெயில கழுவுங்க, நம்பரைப் பாத்து மாட்டுங்கன்னாரு. நம்பர் அடிக்கிற வேலை பிச்சைக்கு. பிச்சை எங்கூட வேலை பாத்த சின்ன பிட்டர், நல்ல பய. டொக்கு டொக்குன்னு அழகா அடிச்சுக் குடுத்தான். எனக்கு மட்டும்தான் அது தலைப்பிரட்டை.

முக்காவாசி இரும்பைக் கையே சொல்லிரும். பல்சக்கரம் அப்படி இல்ல. ஒரு தறியோட ரெண்டு சக்கரமும் ஒண்ணோட ஒண்ணு தேஞ்சு பழகினது, புருசன் பொண்டாட்டி மாதிரி. மாத்திப் போட்டா சுத்தும், ஆனா அப்பப்ப வழுக்கும். வழுக்குனா நாடாக் கட்டை கெளம்புற நேரம் தப்பும். பன்னிரண்டாம் தறிக்கு ஒரு சக்கரத்தை எடுத்தேன். கையில வைக்கும்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு, பல்லு ஒட்ட மாட்டேங்குது. நம்பரைப் பாத்தேன். ஒண்ணும் ரெண்டும் இருந்துச்சு. பக்கத்துலயே பிச்சை நின்னான். கேக்கலை. மாட்டிட்டேன்.

தறி ஓட ஆரம்பிச்ச அன்னைக்கு, பன்னிரண்டாம் தறி நாடா பறந்துச்சு. நூலைச் சுமந்துக்கிட்டு இங்கிட்டும் அங்கிட்டும் ஓடுத கட்டை, ரெண்டு முனையிலயும் இரும்புக் கூர். சந்துல நின்ன சண்முகத்தாய் தோள்ல அடிச்சு எலும்பு விட்டுப்போச்சு. நல்ல தறிக்காரி, வாய்க்காரி. ஒரு சாண் மேல போயிருந்தா மூஞ்சிதான். அப்படித் தப்பிச்சா.

சூப்பர்வைசர் தறியைக் கழட்டிப் பாத்தாரு. உள்ள கெடந்தது இருபத்தொண்ணாம் தறிச் சக்கரம். பொறவு என்னைய ரூமுக்குக் கூப்பிட்டாரு. மோட்டார் எல்லாம் நிறுத்தியாச்சு. செட்டு அம்புட்டும் வாசல்ல நிக்கி. போகும்போதே அந்தோணி என் காதோரம் வந்தான்.

"நம்பர் சரியா விழலை, மங்கலா இருந்துச்சுன்னு சொல்லிரும் வே. பிச்சை தலையில போட்டுரும். அவன் சின்னப்பய, எங்கயும் போய்ப் பொழைச்சுக்கிடுவான்."

இவன் என்னத்துக்கு இம்புட்டு வெரசா ரோசனை சொல்லுதான்னு அப்போ எனக்குத் தோணலை.

"வாங்க சுடலைமுத்து, உக்காருங்க" அப்படின்னாரு சூப்பர்வைசர். மேசையில அந்தப் பல்சக்கரம். விரலெல்லாம் தொடைச்சாரு. "இதுல என்ன நம்பர் அடிச்சிருக்கு? படிங்க."

வாசல்ல பிச்சை நிக்கான். மூஞ்சி வெளிறிக் கெடக்கு. ஒரு வார்த்தை மங்கல்னு சொன்னா அவன் வேலை போயிரும், என் பேரு நிக்கும். உண்மையைச் சொன்னா என் வேலை போயிரும். பல்சக்கரத்தைப் பாத்தேன். இந்தச் சவத்துக்கு ஒளிச்சு ஒளிச்சுத்தானே இங்கன வந்து நிக்கேன்னு ஆத்திரம் வந்துச்சு.

"சார், அதுல என்ன அடிச்சிருக்குன்னு எனக்குத் தெரியாது. பிச்சை சரியாத்தான் அடிச்சிருப்பான். எனக்கு எழுத்து நிக்காது. மக்குன்னு நெனைக்காதீங்க. நிக்காது, அம்புட்டுதான்."

வெளிய எவனோ சிரிச்சான்.

"படிக்காதது குத்தமில்ல. முதியோர் வகுப்பு நடக்குதுல்ல, போய்ச் சேருங்க."

"போனேன் சார். இந்தப் பிச்சையும் நானும் ஒண்ணாத்தான் போனோம். அவனும் பள்ளிக்கூடமே போகாதவன். தீவாளிக்குள்ள கடை போர்டெல்லாம் வாசிச்சுட்டான். நான் அரிக்கேன் வெளக்கைப் பாத்துக்கிட்டு உக்காந்துட்டு வந்தேன்."

"அப்போ உங்களுக்குக் கவனம் பத்தலை."

"அதுதான் சார் இல்ல. இம்புட்டுத் தறி ஓடுத சத்தத்துல எது நொண்டுதுன்னு வாசல்ல நின்னு சொல்லுதேன். கவனம் இல்லாமலா சொல்லுதேன்?"

அவரு மறுபடி கையைத் தொடைச்சாரு. தொடைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. "நாளையில இருந்து குடோன்ல நூல் மூட்டை எறக்குங்க. நம்பர் படிக்கத் தெரியாத ஆள் தறியைத் தொடக்கூடாது. அந்தச் சந்துல நிக்கிற உசுருக்கு நான்தான் பதில் சொல்லணும்."

அவரு சொன்னதுல பாதி நியாயம். முழுசும் அநியாயம்னா சண்டை போட்டுட்டு வந்திருப்பேன். குடோன்லயும் மூட்டை மூட்டைக்கு நம்பர்தான் போட்டுருந்தான். அதை அந்த மனுசன் யோசிக்கவே இல்ல.

சண்முகத்தாய் வீட்டுக்குப் போனேன். தோள்ல மூங்கில் பத்தையை வச்சுக் கட்டி, முட்டைப் பத்து போட்டு, சாஞ்சு உக்காந்திருந்தா.

"வாங்க அண்ணாச்சி. எந்தத் தோளுன்னு பாக்க வந்தீகளா?"

"தாயி, அந்தச் சக்கரத்தை மாட்டுனது நான்தான். எனக்கு எழுத்து நிக்காது."

"அது எனக்குத் தெரியுமே. கண்ணாடியை வீட்டுல வச்சுட்டேன்னு எத்தனை போஸ்டருக்கு என்கிட்ட படம் பேரு கேட்டிருக்கீக. உங்களுக்குத்தான் கண்ணாடியே கிடையாதே."

நான் கெளம்பப் பாத்தேன். அவ விடலை.

"எழுத்து தெரியாததுக்கு எனக்குக் கோவம் இல்ல. பக்கத்துல பிச்சை நின்னான்லா. இது என்ன நம்பர்லேன்னு ஒரு வார்த்தை. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீக? உங்க வெக்கத்தைக் காப்பாத்த என் தோளுதான் கெடச்சுதா?"

என்னைய அடிச்ச வாத்தியார் எத்தனையோ. ஒருத்தரும் இம்புட்டு நேரா அடிச்சதில்ல. எழுத்து நிக்காததுல அவ எலும்பு ஒடியலை. நான் ஒளிச்சதுல ஒடிஞ்சுது.

பொறவு காப்பி குடுக்கச் சொன்னா. குடிச்சுக்கிட்டு இருக்கையில அவளே பேச்சை எடுத்தா. "நாங்க எந்தக் காலத்துல தறிக்கு நம்பர் சொன்னோம்? மயில்கழுத்துத் தறி, மாம்பழத் தறின்னுதானே சொல்லுவோம். அதுல ஓடுத நூல்ல ஒரு இழையைக் கழட்டுத இரும்புல எல்லாம் கட்டிப் போட்டா என்ன? ரெண்டு தறி ஒரே கலர்னா ஒண்ணுக்குக் கூட ஒரு முடிச்சு. கழிவு நூல்தான் அங்கன மலையாக் கெடக்கே."

கட்டு அவுத்து அவ வேலைக்கு வார வரைக்கும் நான் மூட்டை எறக்கினேன். வந்த அன்னைக்கு அவ தறிக்குப் போகலை, நேரா சூப்பர்வைசர் ரூமுக்குப் போனா. என்னையவும் கையைக் காட்டிக் கூப்பிட்டா.

"சார், அவரு கையை மட்டும் நம்பி நான் அந்தச் சந்துல நிக்க மாட்டேன். உங்க நம்பரை மட்டும் நம்பியும் நிக்க மாட்டேன். நம்பர் அடிங்க. நூலும் கட்டுங்க. ரெண்டும் ஒத்தாத்தான் மாட்டணும். அவரைத் தறிக்கு விடுங்க."

அவரு வெடுக்குன்னு மறுக்கலை. அதைச் சொல்லணும். "மண்ணெண்ணெயில ஊறினா கலர் தெரியுமா?" அப்படின்னு கேட்டாரு.

"நூலுக்குச் சாயம் போடுதது எங்க வீட்டுலதான் சார், போகாது. போட்டுப் பாருங்க."

ஒரு சக்கரத்துல மயில்கழுத்து நூலைக் கட்டி டிரம்முல போட்டாரு. மறுநாள் அவரே கையை விட்டு எடுத்தாரு. எண்ணெய்க்கு உள்ள இருந்து கலர் பளிச்சுன்னு வந்துச்சு. ரொம்ப நேரம் பாத்தாரு. கையைத் தொடைக்க மறந்துட்டாரு. "சரி, ரெண்டும் இருக்கட்டும். ஆனா சந்தேகம் வந்தா கேக்கணும் சுடலைமுத்து. கேக்காம மாட்டுனா மறுபடி குடோன்தான்" அப்படின்னாரு.

"கேப்பேன் சார், செட்டே கேக்குத மாதிரி கேப்பேன்"னேன். கேட்டேன். அன்னையில இருந்து ஒரு நாளும் குரலைத் தாழ்த்தலை. "பிச்சை, இது என்ன நம்பர்ல, எனக்கு எழுத்து நிக்காது"ன்னு இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்குக் கேப்பேன். முதல்ல சிரிச்சானுக. பொறவு சிரிக்க அலுத்துப்போச்சு.

எல்லாரும் உக்காந்து நூல் கட்டிக்கிட்டு இருக்கையில ஒருநாள் அந்தோணி வந்தான். கக்கத்துல பேப்பர். சுத்தி முத்திப் பாத்துட்டுப் பக்கத்துல குத்தவச்சான்.

"வே சொடலை, அந்த சுவிச்சு போர்டுக்கும் இதே மாதிரி கட்டித் தாரும்."

"உனக்கு எதுக்குல நூலு? பேப்பரே வாசிக்கியே."

அவன் பேப்பரைக் கீழ வச்சான். "அது கக்கத்துக்குத்தான் வே. நியூஸ் எல்லாம் டீக்கடை ரேடியோவுல கேக்கது."

"அப்போ ஸ்கைலாப்பு?"

"அதுவும் ரேடியோதான்."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியலை. அவனும் சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே கண்ணைத் தொடைச்சான். அஞ்சாப்பு வரைக்கும் படிச்சும் அவனுக்கும் எழுத்து நிக்கலை. அத்தனை வருசமா ஒரே பெஞ்சுல உக்காந்து டீ குடிச்சிருக்கோம், ஆளுக்கு ஒரு பொய்யைக் கக்கத்துல வச்சுக்கிட்டு.

கடைசியில நான் மேஸ்திரி ஆனேனான்னு கேப்ப. ஆகலை. அந்த எடம் பிச்சைக்குப் போச்சு. மேஸ்திரின்னா தெனம் ரிப்போர்ட்டு எழுதணும்னாரு சூப்பர்வைசர். நான் சொல்லுதேன், வேற ஒருத்தன் எழுதட்டுமேன்னேன். அப்படி ஒரு போஸ்ட்டு கிடையாதுங்கன்னாரு. கிடையாதுன்னா உண்டாக்கணும். கண்ணு தெரியலைன்னா கண்ணாடி மாட்டிவிடுதாங்க, எவனும் கேலி பண்ணலை. எனக்கு ஒருத்தன் எழுதித் தந்தா மட்டும் என்ன கொறஞ்சு போகும்? பிச்சை மேல எனக்கு வருத்தம் இல்ல. அந்த எடம் கெடைக்கலைன்னு வருத்தம் உண்டு, இன்னைக்கும் உண்டு. ஆனா வெக்கம் கிடையாது. அதை நான் அந்த ரூம் மேசையிலயே, பல்சக்கரம் பக்கத்துல வச்சுட்டு வந்துட்டேன்.

உன் மகளுக்கு அந்த டீச்சர் சொன்ன பேரு இருக்கு பாரு, அதை வச்ச ஆளு எழுத்து நிக்குத ஆளாத்தான் இருக்கணும். நிக்காதவனா இருந்தா இம்புட்டுச் சிக்கலா வச்சிருப்பானா? பேரு என்னமும் இருக்கட்டும். அவ மக்குன்னு எவனாவது சொன்னா, அவ எதை எப்படிப் பாக்கான்னு கேட்டியாலேன்னு அவனைக் கேளு. நீயும் கேளு. அவ கண்ணை மூடுனா என்ன நிக்குதுன்னு கேட்டுப் பாரு.

செல்வம், இதை மலர்ல போடு, போடாம இரு, அது உன் இஷ்டம். ஆனா ஒண்ணு. உன் மக கையில இதை அச்சடிச்சுக் குடுத்து வாசிக்கச் சொல்லிராத. நீ வாயால சொல்லு. குதிரைப் பாடத்துல இருந்து அந்தோணி பேப்பர் வரைக்கும் ஒண்ணு விடாமச் சொல்லு. வீட்டுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டுச் சொல்லாத. மாமனார் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, அவரு காதுல விழுத மாதிரி சத்தமாச் சொல்லு. அவ ஒரு தடவை கேட்டாப் போதும். கேட்டது அவளுக்கு நிக்கும்.